மும்பையில் சின்னச் சாப்பாட்டுக் கடை தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளிக்கூட லீவு விட்டால் எங்கள் வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்காது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் பிள்ளைகள் பெட்டியைக் கீழே வைக்குமுன் கேட்பது, “மாமா, யாருக்கும் தெரியாத நல்ல சாப்பாட்டுக் கடை ஒண்ணு சொல்லுங்க.” கேட்வே ஆஃப் இந்தியா, மரைன் டிரைவ் எல்லாம் அப்புறம்தான்.

யாருக்கும் தெரியாத கடை என்று இந்த ஊரில் எதுவும் கிடையாது. இங்கிருக்கும் வாடகைக்கு அப்படி ஒரு கடை ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிடும். அந்தத் தெருக்காரர்களுக்கும் பக்கத்து ஆபீஸ்காரர்களுக்கும் நன்றாகத் தெரிந்து, ரீல்ஸ் எடுப்பவர்களின் கண்ணில் மட்டும் இன்னும் படாத கடையைத்தான் இவர்கள் கேட்கிறார்கள். ஃபோர்ட், கிர்காவ், லால்பாக், தாதர், மாடுங்கா, தாராவி என்று எங்கும் அப்படிக் கடைகள் உண்டு. தேடினால் கிடைத்துவிடும். போய் உட்கார்ந்த பிறகுதான் சொதப்பல் ஆரம்பிக்கிறது. ஃபோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கூட்டம் அடித்த அதே கூத்துகளை இந்தத் தலைமுறை போனைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்கிறது.

பாட்டில் தண்ணீர் குடி, சில்லறை வைத்துக்கொள், லோக்கல் ரயிலில் பையை முன்பக்கம் மாட்டு என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிழக்கா மேற்கா என்று கேட்காமல் இறங்குவது

மும்பையில் முகவரி என்றால் முதலில் ஸ்டேஷன், அடுத்து கிழக்கா மேற்கா, அதற்கப்புறம்தான் தெரு. தாதர் மேற்கில் இருக்கும் கடைக்கு கிழக்குப் பக்கம் வெளியே வந்துவிட்டால் மறுபடி பாலம் ஏறி, அந்தக் கூட்டத்தில் நீந்தி, பூ மார்க்கெட் பக்கம் இறங்குவதற்குள் பசி செத்துவிடும். மாடுங்கா இன்னும் மோசம். மாடுங்கா சென்ட்ரல் லைனில் இருக்கிறது, மாடுங்கா ரோடு வெஸ்டர்ன் லைனில், கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர் லைனில். நம்மவர்கள் தேடி வரும் பழைய உடுப்பிக் கடைகள் மாடுங்கா சென்ட்ரலின் கிழக்குப் பக்கத்திலிருந்து கிங்ஸ் சர்க்கிள் வரைதான். மாடுங்கா ரோட்டில் இறங்கியவர்கள் வெயிலில் நல்ல நடை நடக்க வேண்டும்.

நாளும் நேரமும் பார்க்காமல் போவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். காசு, நேரம், கடைக்காரரின் பெயர் மூன்றையும் ஒரே அடியில் கெடுக்கும் தவறு இது.

போனில் பார்க்கிறார்கள். ‘திறந்திருக்கிறது, இரவு 11 வரை’ என்று இருக்கிறது. மூன்றேகால் மணிக்குப் போய் உட்காருகிறார்கள். கடை திறந்துதான் இருக்கிறது, ஃபேனும் ஓடுகிறது. ஆனால் எதற்காகத் தேடிப் போனார்களோ அது ஒன்றரை மணிக்கே காலி. இருப்பதைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு, “சும்மா பில்டப்பு மாமா” என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள்.

இந்தச் சின்னக் கடைகள் எதற்காக உண்டாயின என்று தெரிந்தால் நேரம் தானாகப் புரியும். பரேல், லால்பாக், கிர்காவ் பக்கத்து மராத்திச் சாப்பாட்டுக் கடைகளை கானாவள் என்பார்கள். கொங்கண் கடற்கரைப் பகுதியிலிருந்து குடும்பத்தை விட்டுவிட்டு துணி மில் வேலைக்கு வந்தவர்களுக்கு மாதக் கணக்கில் சோறு போட்ட சமையல் அது. பல பெண்கள் தங்கள் ஒற்றை அறையிலேயே சமைத்துப் போட்டார்கள். அவர்களைத்தான் 1975இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்று ஒன்று சேர்த்தார். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சாப்பிட்டவர்களுக்குச் சம்பளம் இல்லை என்றால் சமைத்தவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? தாக்குப்பிடித்தவர்கள் ஆபீஸ்காரர்களையும் மார்க்கெட்காரர்களையும் நம்பிப் பிழைத்தார்கள். ஆள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. ஒரு வேளைக்கு ஒரு அடுப்பு, எண்ணி வைத்த அளவு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்தவருக்குக் கிடைக்கும் சாப்பாடும் மூன்று மணிக்கு வந்தவருக்குக் கிடைப்பதும் ஒன்றாக இருக்காது.

ஃபோர்ட், பல்லார்ட் எஸ்டேட் பக்கம் கிழமையும் முக்கியம். அது ஆபீஸ் பேட்டை. ஞாயிற்றுக்கிழமை அங்கே புறாவும் காவல்காரரும்தான். 1923இல் தொடங்கிய பிரிட்டானியா ஹோட்டலின் பெர்ரி புலாவ் உலகப் புகழ், ஆனால் அது காலங்காலமாக மதியச் சாப்பாட்டுக் கடை. இரவு விருந்துக்கு அங்கே ‘டேபிள் புக்’ பண்ணலாம் என்று ஒரு ஜோடி கிளம்பியதை வாசலில் வைத்து நிறுத்தியிருக்கிறேன். பெண்டி பஜார் பக்கத்து நல்லி நிஹாரி என்கிற நல்லியெலும்புக் குழம்பு இரவெல்லாம் வெந்து விடிகாலையில் பரிமாறுவது. எட்டு மணிக்கு எழுந்து பல் தேய்த்துக் கிளம்புகிறவர்களுக்கு அது எழுதிவைக்கவில்லை. அதே பகுதியில் ரம்ஜான் மாதத்தில் பகலில் போனால் பாதிக் கடைகளில் ஷட்டர்தான் இருக்கும், இரவில் போனால் நடக்க இடம் இருக்காது. மாடுங்காவில் ராமா நாயக் சாப்பாட்டுக் கடைக்குத் திங்கட்கிழமை லீவு. ஞாயிறு இரவு வந்து இறங்கி, செவ்வாய்க் காலை ரயில் பிடிக்கும் திட்டத்தோடு வருபவர்கள் இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மீன் விஷயம்தான் பெரிய செலவு.

தங்கை மகன் தூத்துக்குடியில் இருக்கிறான். மீன் தெரிந்தவன். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து செவுளைப் பார்த்து வாங்குகிற வீடு. அவன் ஒரு ஜூலை மாதம், நல்ல மழையில், கூட்டாளிகளோடு வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தாதரில் ஒரு மால்வணிக் கடையை, அதாவது கொங்கண் கரை மீன் சமையல் கடையைக் கண்டுபிடித்துப் போய்விட்டான். சின்னக் கடை, வாசலில் கரும்பலகை. அன்றைய மீனைச் சாக்கட்டியால் எழுதி, தீரத் தீரக் கடைக்காரர் கட்டைவிரலால் அழித்துக்கொண்டு வருவார். இவர்கள் போனபோது பலகையில் இரண்டு வரிதான் மிச்சம். ஆளுக்கொரு பாப்லெட் ஃப்ரை சொன்னார்கள். பாப்லெட் என்றால் நம் வாவல் மீன்தான். கடைக்காரர் “சுகட் இருக்கு, சோடே இருக்கு, அதைச் சாப்பிடுங்க” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். இரண்டும் கருவாட்டு வகை என்று தெரிந்ததும், “கருவாடு தின்னவா பம்பாய் வந்தோம்?” என்று சிரித்துவிட்டார்கள்.

வந்தது ஐஸில் கிடந்த மீன். சதை மாவாக உதிர்ந்திருக்கிறது. பில்லைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. கடையை விட்டு இறங்குமுன்னே அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘ஏமாற்று’ என்று எழுதியும் விட்டான்.

“தடைக்காலம்னு தெரியாதா மருமவனே?”

“என்ன மாமா, தடை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே!”

அவன் சொன்னது அவன் கடலுக்குச் சரி. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான், ஆனால் நாள்கள் வேறு. நம் ஊரில் படகு கடலுக்குப் போய் மீன் மலிந்து கிடக்கும் ஜூலையில் இங்கே சஸூன் டாக்கில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். சின்னப் பாரம்பரியப் படகுகள் கரையோரம் பிடிக்கும் கொஞ்ச மீன் வரும். மற்றது வெளியூரிலிருந்து ஐஸில் வருவது, முன்பே பிடித்து உறையவைத்தது. தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினத்துக்காரர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். மீன் தெரியும் என்ற தைரியத்தில் யாரிடமும் கேட்பதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கரைக்காரர்கள் இதில் தப்பிவிடுவார்கள். அவர்களுக்கும் இதே ஜூன் – ஜூலைதான்.

அந்தக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் கொங்கணி வீடுகளில் சமைப்பதே அதைத்தான். வெயில் காலத்தில் காயவைத்த போம்பில், இறால், ஜவ்ளா என்கிற பொடி இறால். சோடே என்பது தோல் உரித்துக் காயவைத்த இறால். வெங்காயம், கோகம் என்கிற புளிப்புப் பழத்தோல், தேங்காய் சேர்த்துச் சுண்டவைத்து அரிசி பாக்ரியோடு, அதாவது அரிசி ரொட்டியோடு கொடுப்பார்கள். வெளியே மழை கொட்டும்போது அதைவிட நல்ல சாப்பாடு தாதரில் கிடையாது. பாப்லெட் காசில் மூன்று பேர் சாப்பிடலாம்.

பச்சை போம்பில் வேண்டுமென்றால் மழை விட்டபின் வாருங்கள். ஆங்கிலத்தில் பாம்பே டக் என்பார்களே, அதுதான். பெயரில்தான் வாத்து, ஆள் மீன். சதை முழுக்கத் தண்ணீர். நடு முள்ளை எடுத்து விரித்து, உப்புப் போட்டு, பலகை மேல் கனம் வைத்து அழுத்தித் தண்ணீரை வடிப்பார்கள். அப்புறம் மசாலா தடவி ரவையில் புரட்டிக் கல்லில் போடுவார்கள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் மாதிரியும் இருந்தால் சமையல்காரருக்குக் கை வந்திருக்கிறது. தண்ணீரைச் சரியாக வடிக்காத கடையில் அது ரவைக் கூட்டுக்குள் கஞ்சி. ஒரு மால்வணிக் கடையை எடைபோட எனக்கு இந்த ஒரு தட்டு போதும்.

ஆகஸ்ட் பிறந்ததும் ஓடிவர வேண்டாம். மராத்தி ஷ்ராவண மாதத்தில் பலர் கறி மீன் தொடுவதில்லை. அதற்கு முந்தின அமாவாசையை இங்கே கடாரி என்று கறியும் குடியுமாகக் கொண்டாடித் தீர்ப்பார்கள். பெரும்பாலும் அது நம் ஆடி அமாவாசை நாளிலேயே வரும். நாம் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வாழைக்காய்க் கறி சாப்பிடும் அன்று பக்கத்து வீட்டில் மட்டன் வாசனை! ஷ்ராவணப் பௌர்ணமிக்குக் கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் விட்டுத் தொழிலைத் தொடங்குவார்கள். மீன் வர ஆரம்பிக்கும். உடனே கணபதி வந்துவிடும். கணபதிக்கு கொங்கண்காரர்கள் ஊருக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள். சமையல்காரரும் முதலாளியும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும் சின்னக் கடைகளில் கதவில் ஒரு அட்டை தொங்கும், அவ்வளவுதான். கணபதி கரைத்து முடிந்தபின், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட லீவில் அதில் முக்கால்வாசி அடங்காது என்பது எனக்கும் தெரியும். மே மாதம் வந்தாலும் மீன் உண்டு, வெயிலுக்கு நான் பொறுப்பில்லை.

போவதற்கு முன் கடைக்கு ஒரு போன் போடுங்கள். “திறந்திருக்கா?” என்று கேட்காதீர்கள், திறந்திருக்கும். “ஆஜ் தாஸா க்யா ஹை? கித்னே பஜே தக் மிலேகா?” இன்றைக்குப் புதிதாக என்ன இருக்கிறது, எத்தனை மணி வரை கிடைக்கும் என்கிற இந்த இரண்டு கேள்வி போதும். பதில் சொல்லத் தயங்கினால் அன்று உடுப்பிக் கடையில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள்.

போர்டில் ஆண்டைப் பார்த்து நுழைவது

ஆண்டு உண்மையாகவே இருக்கும். தோபி தலாவ் பக்கத்து கயானி 1904ஆம் ஆண்டுக் கடை, ஈரானிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய இரானி கஃபேக்களில் ஒன்று. அங்கே போய் புருன் மஸ்கா என்கிற வெண்ணெய் தடவிய மொறுமொறு ரொட்டியைச் சாயாவில் நனைத்துச் சாப்பிட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய போர்டு மாட்டிய எல்லாக் கடையிலும் பழைய சமையல் இருக்காது. தாத்தா போய், சமையல்காரர் போய், போர்டு மட்டும் பெயிண்ட் அடித்து நிற்கும் இடங்களும் உண்டு.

நான் பார்ப்பது ஒன்றுதான்: தனியாக வந்து சாப்பிடுபவர்கள் இருக்கிறார்களா? கூட்டமாக வருபவர்கள் ஒருநாள் கூத்துக்கு வருபவர்கள். பேப்பரை நாலாக மடித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து, மெனு கார்டைத் தொடாமல், சர்வர் தானாகக் கொண்டுவந்து வைப்பதைச் சாப்பிடுகிற ஆள் நாலு மேசையில் இருந்தால் அந்தக் கடையை நம்பலாம். அவர் நாளைக்கும் வருவார். அவரை ஏமாற்றிக் கடை நடத்த முடியாது.

மெனு கார்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பது

சைனீஸ், பஞ்சாபி, பாவ் பாஜி எல்லாம் எல்லாக் கடை கார்டிலும் இருக்கும். அவை அடம்பிடிக்கும் குழந்தைகளுக்காக. பக்கத்து மேசையில் என்ன போகிறது என்று பார்த்து அதைக் காட்டிக் கேளுங்கள். மால்வணிக் கடையில் கோபி மஞ்சூரியன் சொன்ன ஆள் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

மாடுங்காவில் நம்ம ஊர் சாம்பார் தேடுவது

இது தமிழர்களுக்கே உரிய வியாதி. மாடுங்காவில் பூக்கடையில் தமிழ், கோயிலில் தமிழ், காய்கறி பேரம் தமிழ். அதனால் சாம்பாரும் தமிழாக இருக்கும் என்று நம்பி முதல் வாய் வைத்ததும், “வெல்லம் போட்டிருக்கான்!” போடத்தான் செய்வார்கள். 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸுக்குப் பெயர்தான் மெட்ராஸ், கை உடுப்பி. ராம் ஆஷ்ரய் 1939, ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942. எல்லாம் தென் கன்னடத்திலிருந்து வந்தவர்கள் வளர்த்த கடைகள். அந்தக் கடைகளில் அவர்களுக்கு வருவதைச் சாப்பிடுங்கள்: ராம் ஆஷ்ரயில் அன்னாசி ஷீரா (நம் கேசரி மாதிரி), கஃபே மெட்ராஸில் ரசவடை, ராமா நாயக்கில் மாடியேறி இலைச் சாப்பாடு. சாம்பாரை ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்கு ஊரில் மாமியார் இருக்கிறார்.

தாராவியைத் தாண்டிப் போவது

கொலாபாவில் சந்து சந்தாக ‘மறைந்திருக்கும் கடை’ தேடுவார்கள். சயான் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் தாராவி 90 அடி ரோடு இருப்பது நினைவுக்கே வராது. திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம், பொங்கலன்று தெருவிலேயே வரிசையாகப் பானை வைக்கிற இடம். இரவில் பரோட்டா கல் தட்டும் சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடிக்கலாம். சால்னா நம் ஊர்க் காரம், சர்க்கரை விளையாட்டு கிடையாது. காலையில் மும்பை முழுக்க சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு இட்லி விற்கும் அண்ணாச்சிகளில் பெரும்பாலானோர் இங்கிருந்து கிளம்புபவர்கள்தான். அந்த இட்லி வேகும் சந்துகளை விடிகாலையில் பார்க்கலாம். பார்ப்பதென்றால் ஓரமாக நின்று பாருங்கள். அடுப்புக்கு முன்னால் குனிந்து வேலை செய்யும் அக்காவின் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது என்ன பழக்கம்?

எட்டுப் பேராகப் போவது

ஆறு மேசைக் கடையில் எட்டுப் பேர் என்றால் இரண்டு மேசையை ஒட்டிப் போடச் சொல்வார்கள். போட முடியாது, பல கடையில் மேசை தரையோடு பிடித்திருக்கும். மதியம் ஒன்றரை மணி நேரத்தில் ஒரே மேசையில் மூன்று நாலு பந்தி நடந்தால்தான் அந்த விலைக்குச் சோறு கட்டுப்படியாகும். தெரியாத ஆளோடு எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டு எழுவது இங்கே வழக்கம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து கிடைத்த இடத்தில் உட்காருங்கள். கை கழுவிய பின் அரட்டைக்கு இரானி கஃபே இருக்கிறது, அங்கே ஒரு சாயாவுக்கு அரை மணி நேரம் யாரும் எழுப்பமாட்டார்கள்.

வீட்டுக் கதவைத் தட்டுவது

கிர்காவில் இருக்கும் கோட்டாச்சிவாடி மாதிரிப் பழைய குடியிருப்புச் சந்துகளில் வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அது யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை, கடை இல்லை.

‘ஏ.பி.எஸ்.’ என்று போட்ட இடத்தில் விலை கேட்காமல் இருப்பது

‘ஆஸ் பெர் சைஸ்’ என்பதன் சுருக்கம் அது, மீனின் அளவைப் பொறுத்து விலை. மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், விலையைக் கேளுங்கள், அப்புறம் தலையை ஆட்டுங்கள்.

போம்பில் ஃப்ரையைப் பார்சல் வாங்குவது

வேண்டாம். தாதரிலிருந்து செம்பூர் வந்து சேருவதற்குள் ரவை ஊறி, மூடியைத் திறந்தால் ஈரத் துணி. பார்சல் வேண்டுமென்றால் சுகட் வாங்குங்கள், மறுநாள் பழைய சோற்றுக்கும் ஆகும்.